ஃப்ரிட்ஜில் இருப்பதையெல்லாம் செயலியில் ஏற்றாதீர்கள்: வீட்டில் உணவு வீணாவதைக் குறைக்கக் கைபேசியை எப்படிப் பயன்படுத்துவது

கேள்வி இதுதான்: வாங்கிய பொருட்களையெல்லாம் ஒரு செயலியில் பதிந்து, காலாவதி நினைவூட்டலும் வைத்தாயிற்று. மூன்றாவது வாரத்தில் பதிவதே நின்றுபோனது. கீரையும் மிச்சச் சோறும் முன்போலவே குப்பைக்குப் போகின்றன. செயலியால் உண்மையில் பயன் உண்டா? உண்டென்றால் அதை எப்படிக் கையாள்வது?

பயன் உண்டு. ஆனால் சமையலறை முழுவதற்கும் கணக்கு எழுதும் வேலையை அதற்குக் கொடுத்தால் எந்த வீட்டிலும் நிலைக்காது. அடிக்கடி கெட்டுப்போகும் பத்துப் பன்னிரண்டு பொருட்களை மட்டும் அதில் ஏற்றி, நாளுக்கு ஒரே ஒரு முறை, என்ன சமைப்பது என்று யோசிக்கும் நேரத்தில், "இன்று இதை முதலில் எடு" என்று சொல்ல வைத்தால் போதும். மற்ற வசதிகளெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

முழுக் கணக்கு ஏன் உடைகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பொருள் வீட்டுக்குள் வருவது வாரத்தில் ஒரு முறையோ இரு முறையோ. அதுவும் மொத்தமாக வரும். அப்போது உட்கார்ந்து பதிந்துவிட முடியும். வெளியே போவது அப்படி அல்ல. ஒருவர் இரண்டு தக்காளி எடுப்பார், இன்னொருவர் பாதிப் பாலை ஊற்றுவார், குழந்தை கடைசித் தயிரைச் சாப்பிட்டுவிடும். ஒரு நாளில் இருபது தடவை, நாலைந்து கைகள். இதில் பாதிகூடச் செயலிக்குப் போகாது. பத்தே நாளில் செயலியில் இருக்கும் பட்டியல் ஒன்றாகவும் ஃப்ரிட்ஜில் இருப்பது வேறாகவும் ஆகிவிடும். தீர்ந்துபோன தயிருக்கு "நாளை காலாவதி" என்று நாலு முறை மணி அடித்ததும், அந்தச் செயலியின் சத்தத்தையே அணைத்துவிடுவோம். அதன்பின் உண்மையான எச்சரிக்கையும் காதில் விழாது. இது சோம்பலால் வருவதல்ல. வேலையைப் பிரித்த விதமே தவறு.

ஆகவே முதல் இரண்டு வாரம் எந்தப் பொருளையும் பதிய வேண்டாம். எறிவதை மட்டும் எழுதுங்கள். கைபேசியிலுள்ள சாதாரணக் குறிப்புப் பக்கமே போதும். ஒவ்வொரு முறை எறியும்போதும் நான்கு விஷயம்: என்ன பொருள், எவ்வளவு (கிராமில் முடியாவிட்டால் "அரைக் கட்டு", "ஒரு கப்"), எங்கே இருந்தது, ஏன் எறிந்தோம். இந்த "ஏன்" தான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது, அதைத் தவறவிடாதீர்கள். காரணத்தை நான்காகச் சுருக்கிக்கொள்ளலாம்: தேவைக்கு மேல் வாங்கியது, உள்ளே மறைந்து மறந்துபோனது, அதிகமாகச் சமைத்தது, வைத்த விதத்தால் கெட்டது.

தோல், எலும்பு, முட்டை ஓடு, தேயிலைச் சக்கை ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். அவை சாப்பிடும் பொருளே அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு அளவுகோல்: ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணாதல் குறியீட்டு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில் மட்டும். ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கில் தோலும் எலும்பும் அடக்கம். எனவே உங்கள் குறிப்பில் வரும் எண் அதைவிடச் சிறியதாக இருப்பது இயல்பு. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

இரண்டு வாரக் குறிப்பைப் படித்தால் பெரும்பாலும் ஐந்தாறு பொருள்தான் திரும்பத் திரும்ப வரும். கீரை, கொத்தமல்லி, ரொட்டி, திறந்த பால், சோறு, பாதி வெட்டிய வெங்காயம் என்று வீட்டுக்கு வீடு மாறும். செயலியில் ஏற வேண்டியவை இவையும், கெட்டால் ஆபத்தான இறைச்சி, மீன் போன்றவையும் மட்டுமே. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மசாலா எதுவும் வேண்டாம். முட்டையும் வேண்டாம்: ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 வாரம் தாங்கும், அதற்குள் எப்படியும் தீர்ந்துவிடும்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் முதலில் காட்டுவது பார்கோடு ஸ்கேன் வசதியைத்தான். அதில் மயங்க வேண்டாம். பாக்கெட்டின் மேலிருக்கும் 13 இலக்கப் பார்கோடு எந்தப் பொருள் என்பதை மட்டுமே சொல்லும். காலாவதித் தேதி அதற்குள் இல்லை. ஒரே வகைப் பால் பாக்கெட் எல்லாவற்றிலும், எந்த நாள் அடைத்ததாக இருந்தாலும், ஒரே எண்தான். ஸ்கேன் செய்ததும் பெயர் வருவது ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் போன்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்தோ (2012-இல் பிரான்ஸில் தொடங்கியது, தன்னார்வலர்கள் நிரப்புவது) நிறுவனத்தின் சொந்தப் பட்டியலிலிருந்தோதான். கூடவே ஒரு தேதியும் தானாக நிரம்பினால் அது செயலியின் ஊகம்; அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. தேதியையும் உள்ளடக்கும் சதுரக் குறியீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. கடைகளின் கல்லாவில் அவற்றைப் படிக்கும் வசதி 2027 முடிவுக்குள் வந்துவிட வேண்டும் என்பது பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இலக்கு. அவை எல்லாப் பாக்கெட்டிலும் வரும்வரை தேதியை நாம்தான் போட வேண்டும். கேமராவால் தேதியைப் படிக்கும் செயலிகளிலும் ஒரு சிக்கல்: நெகிழிப் பையின் சுருக்கத்தில் புள்ளி புள்ளியாக அச்சான எண்ணை அது தவறாகப் படிக்கும், 05/06 என்பது ஜூன் 5-ஆ மே 6-ஆ என்பதிலும் தடுமாறும். படித்தபின் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள். தவிரவும், அதிகம் வீணாகும் காய், கீரை, மிச்ச உணவு எதற்கும் பார்கோடே கிடையாது.

உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. ஒரு பொருளைப் பத்து விநாடிக்குள் தட்டச்சு செய்தோ குரலிலோ சேர்க்க முடிகிறதா? வீட்டிலுள்ள எல்லாக் கைபேசியிலும் ஒரே பட்டியல் தெரிகிறதா? நினைவூட்டும் நேரத்தை நாமே வைக்க முடிகிறதா, பத்துப் பொருளுக்குப் பத்து மணி அடிக்காமல் ஒரே அறிவிப்பாகத் தருகிறதா? பட்டியலிலிருந்து நீக்கும்போது "பயன்படுத்தினேன்", "வீணானது" என்று இரண்டு தனிப் பொத்தான் இருக்கிறதா? கடைசியில் சொன்னது மிக முக்கியம். வெறும் நீக்கல் பொத்தான் மட்டும் இருந்தால் ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது. இவை எதுவும் பிடிக்கவில்லை என்றால், இருவர் பகிர்ந்துகொள்ளும் சாதாரணச் சரிபார்ப்புப் பட்டியலும் ஒரு தினசரி அலாரமும் இதே வேலையைச் செய்யும். குறைவாக நினைக்க வேண்டாம். பல வீடுகளுக்கு அதுவே சரி.

இனி பதியும் முறை. பொருளை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் அதே நிமிடத்தில் பதிய வேண்டும். "பிறகு மொத்தமாக" என்றால் நடக்காது. போட வேண்டிய தேதி பாக்கெட்டில் அச்சான தேதி அல்ல. அதை முடிவு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அன்று அந்தப் பொருளைச் சமைக்கிறோமா, ஃப்ரீசரில் போடுகிறோமா, யாருக்காவது கொடுக்கிறோமா என்று தீர்மானித்தாக வேண்டும். பொருள் இன்னும் நன்றாக இருக்கும்போதே அந்த நாள் வர வேண்டும். காலாவதிக்கு முந்தைய இரவு வரும் நினைவூட்டலால் பயனில்லை. அன்றிரவு வெளியே சாப்பிடுவதாக இருந்தால் கதை முடிந்தது.

உதாரணமாகச் சனிக்கிழமை வாங்கிய கீரைக்கு இப்படி ஒரு வரி: "கீரை, 1 கட்டு, கீழ் டிராயர், திங்கள், பருப்போடு." என்ன செய்யப்போகிறோம் என்ற அந்தக் கடைசிச் சொல்லையும் சேர்த்துவிட்டால், திங்கள்கிழமை அறிவிப்பு வரும்போது புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. "கீரை காலாவதியாகிறது" என்று பார்த்தால் மனம் தள்ளிப்போடும். "இன்று: கீரை, பருப்போடு" என்று பார்த்தால் கை டிராயருக்குப் போகும்.

எத்தனை நாள் வைப்பது என்பதற்குச் சில தொடக்க அளவுகள். இலைக்கீரைக்கு 2 நாள். கொத்தமல்லி, புதினாவுக்கு 3. பச்சைக் கோழி, மீன், கொத்திறைச்சி மூன்றும் ஃப்ரிட்ஜில் 1–2 நாள்தான் பாதுகாப்பானவை. எனவே வாங்கிய அன்று மாலையே "சமைக்கவா, ஃப்ரீசரா" என்று கேட்க வேண்டும். சமைத்த மிச்சம் பொதுவாக 3–4 நாள் வரை தாங்கும். நினைவூட்டலை மறுநாளே வையுங்கள். சோறு மட்டும் விதிவிலக்கு, அதற்கு 24 மணி நேரம், காரணம் கீழே. பாலுக்கும் சாஸுக்கும் அச்சான தேதியைவிடத் திறந்த நாள் முக்கியம். "திறந்தபின் இத்தனை நாளுக்குள்" என்று பாக்கெட்டில் இருக்கும். மூடியைத் திறக்கும்போது செயலியில் தேதியை மாற்ற மறந்தால், தவறான தேதியை நம்பி ஏமாறுவோம். மற்ற பொருட்களுக்கு அளவு தெரியாவிட்டால் ஃபுட்கீப்பர் என்ற இலவசச் செயலியில் பார்க்கலாம். அமெரிக்க வேளாண் துறை, கார்னெல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கியது. நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு அலமாரி, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் எனத் தனித்தனிக் காலம் கொடுத்திருக்கிறார்கள்.

அறிவிப்பு நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது வரும் அறிவிப்பை விரலால் தள்ளிவிடுவோம், மாலையில் நினைவிருக்காது. உங்கள் வீட்டில் அடுத்த வேளைச் சமையல் எப்போது முடிவாகிறதோ அதற்கு அரை மணி முன்பு வையுங்கள். இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால், கடைக்குப் போகும் நாளில் கிளம்பும் முன். அதற்கு மேல் வேண்டாம். அறிவிப்பே வரவில்லை என்றால் செயலியைக் குறை சொல்லும் முன் கைபேசி அமைப்பைப் பாருங்கள்: ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்குத் தனியாக அனுமதி தர வேண்டும், பேட்டரி சிக்கன அமைப்பு, பின்னணியில் இயங்கும் செயலியை உறங்க வைத்துவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் சரியாகும்.

செயலிக்கு ஃப்ரிட்ஜுக்குள் ஒரு துணை வேண்டும். கண்மட்டத் தட்டில், மூடியில்லாத ஒரு பெட்டி. "முதலில் இது" என்று அதில் எழுதி ஒட்டுங்கள். முடிவு நாள் நெருங்கியவை, பாதி வெட்டியவை, மிச்ச டப்பாக்கள் எல்லாம் அதற்குள்தான். கைபேசியைப் பார்க்காதவர்களும் பசிக்கும்போது ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள். அவர்களுக்கான அறிவிப்பு அந்தப் பெட்டி.

வெளியே போவதைப் பதியும் பிரச்சினைக்கும் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டுக் காகித டேப்பை ஒட்டி, பேனாவால் "சுண்டல், செவ்வாய் இரவு, 2 பேருக்கு" என்று எழுதுங்கள். தீர்த்தவர் அந்த டேப்பை உரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட வேண்டும்; அவ்வளவுதான் அவர் வேலை. இரவில் ஒருவர் கதவிலிருக்கும் டேப்புகளைப் பார்த்துச் செயலியில் நீக்கிவிட்டு, அவற்றைக் கிழித்துப் போடுவார். ஒரு நிமிட வேலை. எல்லோரையும் செயலியைத் திறக்க வைக்க முயல்வதைவிட இது நூறு மடங்கு எளிது. டேப்பில் அளவையும் எழுதுவது முக்கியம்: உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத டப்பாவை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அப்படியும் வாரத்துக்கு ஒரு முறை கணக்கு கொஞ்சம் பிசகத்தான் செய்யும். கடைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜ் முன் நின்று, செயலியிலுள்ள பத்து வரியையும் உள்ளே இருப்பதையும் ஒத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு தட்டையும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்றுகொண்டு "தயிர் இருக்கிறதா?" என்று யோசிக்கும் நேரத்தில் அந்தப் படம் எந்தச் செயலியையும்விட வேகமாகப் பதில் சொல்லும். ஒரே பொருளை இரண்டு முறை வாங்குவது இதனாலேயே பெரிதும் நின்றுவிடும்.

பாதுகாப்பு பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீணாக்கக் கூடாது என்ற எண்ணமே சிலரைக் கெட்டதைச் சாப்பிட வைக்கிறது. செயலி எண்ணுவது நாட்களை மட்டும், வெப்பத்தை அல்ல. உங்கள் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று வைத்துத்தான் மேலே சொன்ன நாட்களெல்லாம். உள்ளே 8 டிகிரி இருந்தால் அவை செல்லாது. சிறிய வெப்பமானி ஒன்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். சமைத்தது 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும்; அறையில் 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரத்துக்குள். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். அகலமான டப்பாவில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து வையுங்கள்.

சோற்றுக்கு 24 மணி நேரம் என்றதன் காரணம்: அரிசியிலுள்ள பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மற்ற மிச்சங்களைச் சூடாக்கும்போது நடுப்பகுதியும் 74 டிகிரியை எட்ட வேண்டும். ஆவி பறக்கும் அளவுக்கு என்று கொள்ளலாம்.

செயலிகளில் இன்னொரு குறை: தேதி என்றால் ஒரே கட்டம்தான். ஆனால் பாக்கெட்டில் இரண்டு வகைத் தேதி வரும். "இதற்கு முன் சிறந்தது" என்பது தரம் பற்றியது. பிஸ்கட், பாஸ்தா, தகர டப்பாவில் அடைத்த உணவெல்லாம் அந்தத் தேதிக்குப் பிறகும், முகர்ந்து பார்த்து, நிறம் பார்த்துச் சாப்பிடலாம். "இதற்குள் பயன்படுத்தவும்" என்று பல நாடுகளில் போடுவது பாதுகாப்பு பற்றியது. அதில் மூக்கை நம்பக் கூடாது. லிஸ்டீரியா போன்ற கிருமிகள் ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும், நாற்றமும் வராது. பொருளின் பெயருக்கு முன் "த" (தரம்) அல்லது "பா" (பாதுகாப்பு) என்று ஓர் எழுத்துச் சேர்த்துப் பதிந்தால், தேவையில்லாமல் எறிவதும் தெரியாமல் உண்பதும் இரண்டுமே குறையும்.

மின்சாரம் போனால் செயலியிலுள்ள தேதிகளை மறந்துவிடுங்கள். மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தக்கவைக்கும்; நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24.

"ஃப்ரிட்ஜில் இருப்பதை வைத்துச் சமையல் குறிப்பு தருகிறேன்" என்ற வசதி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு கைப்பிடிக் கீரையைத் தீர்ப்பதற்கு மூன்று புதுப் பொருள் வாங்கச் சொன்னால், அடுத்த வாரம் அந்த மூன்றின் மிச்சமும் குப்பைக்குப் போகும். "இல்லாத பொருள்: 0 அல்லது 1" என்ற வடிகட்டி இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் நான்கைந்து சமையலை (சூப், ஆம்லெட், வறுத்த சோறு, கலவைக் கூட்டு) பட்டியலின் தலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவிடமும் சமையல் யோசனை கேட்கலாம். "இது இன்னும் கெடவில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள், உங்கள் டப்பா எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று அதற்குத் தெரியாது.

டென்மார்க்கில் தொடங்கிய டூ குட் டு கோ, பிரிட்டனில் தொடங்கிய ஓலியோ (இரண்டும் 2015) போன்ற செயலிகள் வேறு வகை. முதலாவது கடைகளில் மீந்ததைப் பையில் போட்டுக் குறைந்த விலைக்குத் தருகிறது. நல்ல காரியம், ஆனால் அது குறைப்பது கடையில் வீணாவதை. பையில் என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது, வருவதோ கடைசி நாள் பொருள். அன்றே தீர்க்க முடியாவிட்டால் வீணாவது கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். இரண்டாவது அக்கம்பக்கத்தாரோடு பகிர்வதற்கு. ஊருக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைக் காலி செய்ய உண்மையிலேயே உதவும்.

நான்கு வாரம் ஆனதும் "வீணானது" பொத்தானின் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு பொருளுக்கும் அந்த "ஏன்" என்பதைப் பாருங்கள். காரணம் மறதி என்றால் மட்டும்தான் நினைவூட்டல் மருந்து. கொத்தமல்லி ஐந்து கட்டில் நாலு வீணாகியிருந்தால், எத்தனை மணி அடித்தாலும் தீராது. ஈரத்தோடு நெகிழிப் பையில் திணித்தால் இரண்டே நாளில் கீழே கறுத்துக் குழைந்துவிடும். ஈரத்தை உதறி, உலர்ந்த துணியிலோ காகிதத்திலோ சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாண்டும். அல்லது வாங்கிய அன்றே பாதியை நறுக்கி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். கீரை பழுத்து மஞ்சளாகிறது என்றால் அதே டிராயரில் ஆப்பிளோ பழுத்த தக்காளியோ இருக்கிறதா என்று பாருங்கள். அவை விடும் எத்திலீன் வாயு இலையை முதிரவைக்கும். ரொட்டி ஃப்ரிட்ஜில் வெளியைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். துண்டு துண்டாக ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் நேராகச் சூடாக்குங்கள். அதிகமாகச் சமைப்பதுதான் காரணம் என்றால் செயலியைத் தேடாமல், அரிசி அளக்கும் கப்பில் ஒரு கோடு போடுங்கள்.

இப்படிப் பிரச்சினை தீர்ந்த பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் பன்னிரண்டு வரி ஐந்தாறாகச் சுருங்கினால் முறை வேலை செய்கிறது என்று அர்த்தம். பட்டியல் நீண்டுகொண்டே போனால், மறுபடி இரண்டு வாரம் எறிவதை மட்டும் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். ஃப்ரீசருக்கு மட்டும் தனிப் பக்கம் வைத்து, உள்ளே போட்ட தேதியையும் எத்தனை பேருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மைனஸ் 18 டிகிரியில் உணவு கெடாது, ஆனால் சமைத்தவை 3–4 மாதத்துக்குப் பின் சுவை இறங்கும். எழுதி வைக்காத டப்பா அங்கே ஆண்டுக்கணக்கில் உறைந்து கிடக்கும்.